மண்ணெண்ணெய் குடித்த மொறிஸ் மைனர்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

2025 பெப்ரவரியில் இலங்கையில் வாகன இறக்குமதி மறுபடி திறந்ததில் இருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரே பேச்சுத்தான். எந்தக் காருக்கு எவ்வளவு வரி, எதை இப்போது எடுக்கலாம், எதற்கு இன்னும் பொறுக்கலாம். பேசி முடித்து வெளியே போகும்போது வாசலில் நிற்கிற எங்கள் மொறிஸ் மைனரைப் பார்த்துவிட்டு, "இதை இன்னும் விற்கவில்லையா?" என்று கேட்பார்கள். கேட்பவர்களில் யாரும் கெட்ட மனதோடு கேட்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வருடமாக அந்தக் காருக்காக நான் அலைந்த அலைச்சலில் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாக வந்துவிட்டது, இடம் போதாவிட்டால் முன்பாதியை வெட்டுங்கள், கடைசியில் இருக்கும் வேண்டுகோளை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

கார் 1958ஆம் ஆண்டு மொடல், நாலு கதவு, 948 சிசி எஞ்சின். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த அந்த மொறிஸ் மைனர் மொத்தம் 16 இலட்சம் அளவில் செய்யப்பட்டது, பிரித்தானியக் கார்களில் முதன்முதலாகப் பத்து இலட்சத்தைத் தொட்டதும் அதுதான். எங்களுடையதில் 1 ஸ்ரீ இலக்கத்தகடு. அந்தச் சிங்கள ஸ்ரீ எழுத்தை எதிர்த்து 1957, 58இல் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரியும், அந்தத் தகட்டோடுதான் அது இணுவிலில் எங்கள் வளவுக்குள் வந்தது. தபாலதிபராக இருந்த அப்பா 1974இல் அதை ஓய்வுபெற்ற ஒரு வைத்தியரிடம் வாங்கினார். வெளியில் இருந்து எந்தச் சாமானும் வராத காலம், புதுக் கார் என்பது நினைத்தும் பார்க்க முடியாதது, இருந்த கார்களைத்தான் கைமாற்றிக் கைமாற்றி ஓடினார்கள். அப்பா மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் சாக்கை விரித்து, கிறீஸ் கன்னோடு காருக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவார். எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இதைப் பிறகு சொல்கிறேன்.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கி, வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. மின்சாரமும் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறை நாங்கள். அப்போதுதான் ஊரில் இருந்த கிழட்டு ஒஸ்டின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெய்க்கு மாறின. இதைச் சும்மா ஏதோ எண்ணெயை மாற்றி ஊற்றினார்கள் என்று நினைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, அதனால் முதலில் சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடேற்றி, சரியான நேரத்தில் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். முந்தித் திருப்பினால் நின்றுவிடும், பிந்தித் திருப்பினால் தங்கத்துக்குச் சமமான பெற்றோல் வீண். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால்தான் தட்டித் தட்டியென்றாலும் அது தாங்கியது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், ஒயில் தண்ணியானால் உள்ளே எல்லாம் தேயும். இவ்வளவும் தெரிந்துதான் ஓட்டினார்கள். வைத்தியசாலைக்கு ஆளை ஏற்ற வேறு வழி இல்லை.

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், அந்தக் கார்தான் அப்பம்மாவையும் அம்மாவையும் நாவற்குழிப் பக்கம் கொண்டுபோனது. பின்னால் நாங்கள் நடந்தோம், காரும் எங்களைவிட வேகமாகப் போகவில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது ஒரு மட்கார்ட் நெளிந்து, ரேடியேற்றர் ஒழுகிக்கொண்டு, எப்படியோ வீடு வந்து சேர்ந்தது. அதன் பிறகு ஓடவில்லை. கொட்டிலுக்குள் நின்ற பதினேழு வருடத்தில் பின் சீற்றில் கோழி அடைகாத்தது.

2013இல் அப்பா என்னோடு கொழும்பு வெள்ளவத்தையில் இருக்க வந்தார், ஒரு லொறி பிடித்துக் காரையும் கொண்டுவந்தேன். இரண்டு வருடத்தில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று அவருக்குச் சொன்னேன். அவர் 2015இல் போய்விட்டார். கார் அப்போது நாலு மரக்குற்றியின் மேல், தளமே இல்லாமல் நின்றது.

தளம் இல்லாமல் என்று நான் சொல்வது உண்மையாகவே இல்லாமல். கறள் அப்படித் தின்றிருந்தது, கால் வைக்கிற இடத்தில் நிலம் தெரிந்தது. மொறிஸ் மைனருக்குத் தனியான சஸி கிடையாது, தளமும் அதன் அடியில் ஓடுகிற பெட்டித் தண்டுகளும்தான் காரின் முதுகெலும்பு, அது போனால் கதவு மூடாது, ஜாக் போட்டால் நடு முறியும். கொலன்னாவையில் ஒரு சின்ன வளவில் கார்த் தகட்டு வேலை செய்த டிங்கரிங் பாஸ் ஒருவர் அதைப் பொறுப்பெடுத்தார். அப்போதே எழுபதைத் தொட்டவர், சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். அவர் புட்டி பூசுவதில்லை. பொருத்து வெட்டிய இடங்களில் ஈயத்தை உருக்கி, மெழுகு தடவிய மரத்துண்டால் வழித்து வழித்து, பிறகு அரத்தால் ராவி எடுப்பார். தகடு எங்கே முடிந்து ஈயம் எங்கே தொடங்குகிறது என்று கையால் தடவினாலும் தெரியாது. 1990களில் இந்த நாட்டிலேயே மொறிஸ் மைனருக்கான உடல் தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, அந்த அளவுக்குக் கை வேலை தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள். பாஸும் அந்தத் தலைமுறை ஆள்தான். ஒரு கதவின் கீழ் விளிம்புக்கு மட்டும் பதினொரு நாள் எடுத்தார், நான் பாடசாலை வேலை முடிந்து நேரே போய்ப் பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகியது. கொலன்னாவை, வெல்லம்பிட்டிய எல்லாம் தண்ணிக்குள். பாஸின் வீட்டுக்குள்ளேயே இடுப்பளவு, அப்படியிருக்க நான் காரைப் பற்றிக் கேட்க வாயே வரவில்லை. பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, பிறைமர் மட்டும் அடித்திருந்த தகடுகளில் மறுபடி செம்மஞ்சள் பூத்திருந்தது, புதிதாகத் தைத்து வைத்திருந்த சீற் உறைகளுக்குள் சேறு. இரண்டு வருட வேலை. பாஸ் தன்னுடைய வீட்டைக் கழுவி முடித்துவிட்டு என் காரைக் கழுவத் தொடங்கினார், ஒரு சதமும் கூட்டிக் கேட்கவில்லை. அன்றைக்கு விட்டுவிடலாம் என்று நான் முடிவெடுத்திருந்தேன், அவர் கையில் குழாயோடு நின்றதைப் பார்த்துத்தான் விடவில்லை.

எஞ்சின் கதை இன்னொன்று. மண்ணெண்ணெய் ஓடிய சிலிண்டர்கள் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தன, ஹெட்டைக் கழற்றியபோது பிஸ்டன் தலைகளில் விரல் நகத்தால் பெயர்க்கிற தடிப்பில் கரி. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன் போட வேண்டும். பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் அதை அளந்து கடைய வேண்டும் என்பது அடிப்படை. நான் கொடுத்த பட்டறையில் பிஸ்டன் வருமுன்னரே நாற்பது ஓவர்சைஸுக்கு (அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு) கடைந்து வைத்துவிட்டார்கள், எனக்கு வந்து சேர்ந்ததோ இருபது. பிறகு நாலு சிலிண்டருக்கும் ஸ்லீவ் அடித்துத் திரும்பக் கடைந்து எடுக்க ஒரு வருடமும், என் ஒரு சீட்டுக் காசு முழுவதும் போனது.

அதைவிட என்னை அலைக்கழித்தது ஒரு செம்புக் குழாய்.

எஞ்சினை இறக்கும்போது, சூடான புகை வெளியேறுகிற எக்ஸோஸ்ட் மேனிஃபோல்டைச் சுற்றி நாலு சுற்றாக ஒரு செம்புக் குழாய் இருந்தது. அதோடு, காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் துளை போட்டு ஈயம் வைத்து ஒட்டிய ஒரு குட்டிப் பித்தளை முனை, கிட்டத்தட்ட ஊசி மருந்துக் குழாய் பருமன். புத்தகத்தில் இல்லை. கம்பனி போட்டதும் இல்லை. பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். நாற்பது வருடமாக மொறிஸ், ஒஸ்டின் சாமான் விற்கிற முதலாளி ஒருவர், கேட்காமலே இந்தக் காரின் எந்தத் திருகு எந்த அளவு என்று சொல்லக்கூடியவர், அவரே கைத்தொலைபேசியில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மிஸ், இது யாரோ கிறுக்கின வேலை, கழட்டி வீசுங்க" என்றார். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். இணுவிலில் அப்பாவின் மெக்கானிக்கைக் கேட்கலாம் என்று யாழ்ப்பாணம் போனேன். அவர் இறந்து இரண்டு வருடம். மகன் நல்ல மனிதர், தேத்தண்ணி தந்தார், கொட்டிலைத் திறந்து காட்டினார், ஆனால் அந்தக் குழாயைப் பற்றி அப்பா தனக்கு ஒன்றும் சொல்லவில்லை என்றார். எனக்கும்தானே அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் தெரிந்தது வெள்ளவத்தையிலேயே. இராமகிருஷ்ண வீதியில் ஒரு கலியாண வீட்டில் என் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட ஒரு முதியவர், அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓடியவர், பேச்சோடு பேச்சாகப் படத்தைக் காட்டினேன். அவர் கையைக் கழுவக்கூட இல்லை. "பிள்ளை, இது மண்ணெண்ணெயைச் சூடு காட்டுற குழாய். இந்தச் சின்ன முனைக்கு சேலைன் வயர் பூட்டி, மற்றப் பக்கம் மருந்துப் போத்தில்ல பெற்றோல். சேலைனில இருக்கிற அந்தச் சில்லை உருட்டினால் சொட்டுக் கணக்கில விடலாம். உங்கட அப்பா பக்கத்துச் சீற்றில ஆரையும் போத்திலோட இருத்தியிருப்பாரே?" என்றார்.

இருத்தியிருந்தார். என்னைத்தான். பதினாறு வயதில் அந்தப் போத்தலைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, அப்பா "இப்ப பூட்டு" என்று சொல்லும்வரை கை நோக நோக நான்தான் இருந்தேன். அந்தக் குழாயின் மற்ற முனை எங்கே போகிறது என்று அன்று நான் குனிந்து பார்க்கவில்லை, 2018இல் அது என் கையில் கிடந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை.

சரி, 2019 ஜனவரியில் கார் ஓடியது. பெற்றோலில், குளிர்ந்த பச்சை நிறத்தில், சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து நிரம்பி நிற்கிற அந்தச் சத்தத்தோடு. மூன்று வாரம் ஓடினேன். நாலாவது வாரம் காலி வீதியில் இருந்து ஹம்டன் லேனுக்குள் திருப்பும்போது வலது முன் சில்லு மடிந்து மட்கார்டுக்குள் போய்விட்டது, கார் மூக்குக் குத்தி நின்றது. நடக்கிற வேகத்தில் திரும்பியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மைனரின் முன் சில்லைத் தாங்குகிற தண்டு, கீழே ட்ரனியன் என்கிற ஒரு மறைக்குள் திருகி நிற்கிறது, சில்லு திரும்பும்போதெல்லாம் அந்த மறையில்தான் சுழலும். 1000 மைலுக்கு ஒருமுறை அதற்குக் கிறீஸ் அடிக்காவிட்டால் மறை தேய்ந்து, ஒருநாள் தண்டு உருவிக்கொண்டு வந்துவிடும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அடியில் படுத்துச் செய்தது அதைத்தான். பெயின்ற், சீற், குரோம் என்று தெரிகிற எல்லாவற்றையும் புதிதாக்கிய எங்களில் யாரும் தெரியாத அந்த இரண்டு மறைகளைக் கழற்றிப் பார்க்கவில்லை. மைனர் வைத்திருக்கிற யாராவது இதைப் படித்தால் இன்றைக்கே ஜாக் போட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரடங்கில் கார் நின்றது, எங்கள் ஒழுங்கை மரைன் டிரைவுக்குக் கிட்ட என்பதால் கடற்காற்று குரோமில் புள்ளி வைத்தது. 2022இல் இங்கிலாந்தில் இருந்து வயறிங் தொகுதியை எடுப்பிக்கப் பேசி வைத்திருந்தபோது, 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில வாரங்களில் 360ஐத் தாண்டியது, பவுணும் அதோடு ஏறியது, அந்த ஓடரை விட்டேன். எரிபொருளுக்கு கியூஆர் பங்கீடு வந்தபோது சஸி இலக்கம் கேட்டார்கள், பொனற்றைத் திறந்து உள் தகட்டில் பெயின்ற்றைச் சுரண்டித்தான் எண்ணை எடுத்தேன். அடுத்த வருடம் பற்றரி மாற்ற வந்த பொடியன், இந்தக் காலத்துக் கார் மாதிரி மைனஸை உடலுக்குப் பூட்டிவிட்டான், இதில் பிளஸ்தான் உடலுக்கு. பற்றரிக்குச் சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்துகிற கட்-அவுட் பெட்டி புகைந்து போனது. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் இல்லை, அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இப்போது கார் ஓடுகிறது. இடது பக்கத் தூணில் இருந்து நிமிர்ந்து நீட்டுகிற அந்தச் சின்னச் சிக்னல் கை மட்டும் இன்னும் பாதியில் நிற்கிறது.

அந்தச் செம்புக் குழாயையும் பித்தளை முனையையும் நான் கழற்றவில்லை. முனையை அடைத்துவிட்டு, குழாயைத் துலக்கி, இருந்த இடத்திலேயே திரும்பப் பூட்டியிருக்கிறேன். பழைய கார்களில் நல்ல அனுபவம் உள்ள ஒருவர் வந்து பார்த்துவிட்டு, எல்லாம் திறம், அது மட்டும் ஒரிஜினல் இல்லை, காட்சிக்குக் கொண்டுபோனால் புள்ளி வெட்டுவார்கள் என்றார். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இங்கிலாந்தில் இருந்து வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அதுதான் ஒரிஜினல் என்றால், இந்த மண்ணில் அந்தக் கார் ஓடிய ஐந்து வருட மண்ணெண்ணெய்க்கும், அதை ஓடவைத்த கைக்கும் என்ன பெயர்? மைனருக்கு ஜப்பான் எஞ்சினை இறக்கி ஓடுகிறவர்களோடுகூட எனக்குச் சண்டை இல்லை, வயிற்றுப்பாட்டுக்கு ஓடினவர்கள் வேறு என்ன செய்வார்கள். ஆனால் திருத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அந்தக் காலத்துத் தடயத்தை நாமே தேடித் தேடி ராவி எடுப்பது எனக்குப் பிழையாகப் படுகிறது. 1990களின் யாழ்ப்பாணத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. ஒரு மெக்கானிக் கொட்டிலுக்குள் என்ன செய்தார், எந்தக் குழாயை எங்கே ஒட்டினார், எத்தனை சொட்டு, எந்தச் சூட்டில் திருப்பினார் என்பதை எழுதியவர்களை நான் தேடிப் பார்த்தும் காணவில்லை.

ஆகவே என் வேண்டுகோள். உங்கள் ஞாயிறு பக்கங்களில் ஒரு மூலையை இதற்குக் கொஞ்ச நாள் ஒதுக்குங்கள். அந்தக் காலத்தில் கார், லொறி, மோட்டார் சைக்கிள், தண்ணி இறைக்கிற மிஷின் எதையென்றாலும் மண்ணெண்ணெயில் ஓட்டினவர்கள், ஓடவைத்தவர்கள், என்னைப் போலப் பக்கத்தில் போத்தல் பிடித்தவர்கள் எழுதட்டும். எழுத முடியாத முதியவர்கள் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதி அனுப்பட்டும். படம் கீறியும் அனுப்பலாம், சொல்லைவிட அது நல்லது. வளவில் பழைய கார் நிற்கிறவர்கள், இரும்புக்காரனுக்குக் கொடுப்பதென்றே முடிவெடுத்தாலும், அதற்கு முதல் ஒருதரம் பொனற்றைத் திறந்து, புத்தகத்தில் இல்லாத ஏதாவது ஒட்டியிருந்தால் படம் எடுத்து வையுங்கள்.

கொலன்னாவை பாஸுக்கு இப்போது எண்பத்தொன்று. கண் மங்கிவிட்டது, ஈயவேலை செய்வதில்லை. மகன் ஹைபிரிட் கார்களுக்குப் பற்றரி வேலை செய்கிறார், நல்ல வருமானம். போன மாதம் பாஸை வீட்டு முற்றத்தில் இருத்தி, ஒரு பழைய மட்கார்ட் துண்டில் ஈயம் வழிக்கச் சொல்லி முக்கால் மணித்தியாலம் வீடியோ எடுத்தேன். கை நடுங்கியது, ஆனால் ஈயம் எந்த நேரத்தில் வெண்ணெய் பதத்துக்கு வரும் என்பதைக் காணாமலே, மரத்துண்டு தட்டுகிற சத்தத்தில் சொன்னார்.

கொழும்பில் இருக்கிற யாராவது அந்தச் செம்புக் குழாயை நேரில் பார்க்க விரும்பினால், ஞாயிறு காலையில் பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குக் கிட்ட ஒரு பச்சை மைனர் நிற்கும். கேளுங்கள், பொனற்றைத் திறந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு - 06